தந்த பாக்கியம்

போன பல்லுக்கு மாற்றுப் பல் கட்ட வேண்டும். கையில் இருப்பதோ பென்ஷன் பணம். பல் செட்டா, இம்ப்ளான்டா என்று தவிப்பவர்களுக்கு இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதை யாரும் முதலில் சொல்வதில்லை.

மைசூர் அரண்மனைக் கோட்டைக்குத் தெற்கே, நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது அக்ரஹாரம். பெயர்ப் பலகைகளைப் படித்தபடி நடந்தால் ராமானுஜ ரோடு, தியாகராஜா ரோடு என்று ஸ்ரீபெரும்புதூரும் திருவையாறும் ஞாபகத்துக்கு வரும். சர்க்கிளுக்கு அருகே நூற்றொரு கணபதி கோயில். ஒரு தந்தம் ஒடிந்தும் கவலைப்படாமல் உட்கார்ந்திருக்கும் தெய்வம். கொழுக்கட்டை மெதுவானது என்பதால் அவருக்குப் பிரச்சினையில்லை. பக்தர்களின் நிலைமை அப்படியல்ல.

மைசூர், பென்ஷன்தாரர்களின் சொர்க்கம் என்று பெயர் வாங்கிய ஊர். அரசு அலுவலகம், வங்கி, பள்ளிக்கூடம், 1996-ல் மூடப்பட்ட ஜாவா மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை என்று எங்கெங்கோ உழைத்து ஓய்ந்தவர்கள் இந்த ஊரின் பழைய தெருக்களில் நிறைய. அவர்களில் பலருக்கு இப்போது பல் விழும் வயது. ஆடும் பல்லைக் காட்டப் போனவர் கையில் ஒரு மதிப்பீட்டுச் சீட்டோடு திரும்புகிறார். அதில் இரண்டு வரிகள். ஒன்று, கழற்றி மாட்டும் பல் செட். மற்றொன்று, எலும்பில் திருகும் இம்ப்ளான்ட். இரண்டு வரிகளுக்கும் எதிரே இருக்கும் தொகைகளுக்கு இடையே உள்ள தூரம்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

தொகைகள் ஊருக்கு ஊர், டாக்டருக்கு டாக்டர் மாறும். சுமாராகச் சொன்னால், தனியார் கிளினிக்கில் மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டுக்குமான சாதாரண அக்ரிலிக் செட் பத்தாயிரத்தில் தொடங்கி முப்பது, நாற்பதாயிரம் வரை போகும். இம்ப்ளான்ட் என்றால் ஒரே ஒரு பல்லுக்கு, மேலே வைக்கும் கேப்பையும் சேர்த்து, இருபதாயிரத்திலிருந்து ஐம்பதாயிரம் வரை கேட்பது சகஜம். ஒரு தாடை முழுவதையும் நான்கு திருகுகள் மீது நிரந்தரமாகப் பொருத்துவது என்றால் கணக்கு லட்சங்களில் பேசப்படும். தனியார் துறையில் உழைத்தவர்களுக்கான ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்ச மாத ஓய்வூதியம் ரூ.1,000 என்று 2014 செப்டம்பரில் நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் முப்பதாயிரம் ரூபாய் இம்ப்ளான்ட் என்பது முப்பது மாத ஓய்வூதியம். ஒரு பல்லுக்கு.

காப்பீடு கைகொடுக்குமா என்றால், பெரும்பாலான மருத்துவ பாலிசிகள் விபத்தில் போன பல்லைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்ளும். வயதாலும் ஈறு நோயாலும் போனது அவரவர் செலவு. ஆக, பையன் பெங்களூரிலிருந்து அனுப்ப வேண்டும்; அல்லது பல் இல்லாமல் காலம் தள்ள வேண்டும்.

பல் இல்லாமல் காலம் தள்ளுவது மைசூர்ச் சீமையில் அத்தனை கஷ்டமாகத் தெரியாது என்பதும் உண்மை. ராகி முத்தையை யாரும் மெல்லுவதில்லை. சாற்றில் தோய்த்து விழுங்குவதுதான் முறை. நஞ்சன்கூடு ரசபாளைப் பழம் நாக்கிலேயே கரையும். வெற்றிலை போடும் பழக்கத்தைக்கூடப் பாட்டிகள் விட்டதில்லை. இரும்புக் கையுரலில் பாக்கையும் வெற்றிலையையும் இடித்து ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் இந்தச் சாமர்த்தியத்துக்கு ஒரு விலை உண்டு. கீரைத் தண்டு, பச்சைக் காய்கறி, கடலை, சுண்டல் எல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து விலகும். குழைந்த சோறும், ரசமும், பாலில் ஊறிய பிரெட்டும்தான் மிஞ்சும். சர்க்கரை நோயாளிக்கு இதைவிட மோசமான சாப்பாட்டுப் பட்டியலை யோசித்து எழுத முடியாது. பல் கட்டுவது அழகு சமாசாரம் என்று ஒதுக்குபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மேலே ஒரு நியாயம், கீழே ஒரு நியாயம்

பல் செட் ஏன் சிலருக்குக் கச்சிதமாக உட்காருகிறது, சிலருக்குப் பேசும்போதே குதிக்கிறது என்பதில்தான் முழு விவகாரமும் அடங்கியிருக்கிறது. செட் செய்தவரின் கைத்திறன் ஒரு காரணம். தாடையின் அமைப்பு அதைவிடப் பெரிய காரணம்.

மேல்தாடை செட்டுக்கு அண்ணம் முழுவதும் இடம் இருக்கிறது. அகலமான தகடு ஈரமான அண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். இடையில் மெல்லிய எச்சில் படலம், காற்று புகாத விளிம்பு. இரண்டு ஈரக் கண்ணாடித் தட்டுகளைப் பிரிக்க முயன்றவர்களுக்கு இது புரியும். கீழ்த்தாடையில் இந்த வசதி கிடையாது. நடுவில் நாக்கு இருக்கிறது. குதிரை லாடம் போன்ற ஒல்லியான வளையம்தான் ஈறின் மேல் உட்கார வேண்டும். ஒரு பக்கம் நாக்கு தள்ளும், மறுபக்கம் கன்னமும் உதடும் தள்ளும். பத்து வருடமாகப் பல் செட் போடுகிறவர்களைக் கேட்டால் குறை பெரும்பாலும் கீழ்ச் செட்டைப் பற்றித்தான் இருக்கும்.

போதாததற்கு எலும்பு கரைகிறது. பல் இருக்கும்வரைதான் அதைத் தாங்கும் எலும்புக்கு வேலை. பல் போனதும் அது கரையத் தொடங்கும். முதல் வருடத்தில் வேகமாக, பிறகு மெதுவாக, ஆனால் நிற்காமல். பல் செட் அணிபவர்களை 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து அன்ட்யே டால்கிரென் என்ற ஆய்வாளர் 1972-ல் வெளியிட்ட முடிவு இன்றும் பல் மருத்துவப் பாடங்களில் இடம்பெறுகிறது: கீழ்த்தாடை எலும்பு, மேல்தாடையைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு கரைகிறது. ஏற்கெனவே இடம் குறைந்த கீழ்த்தாடைதான் மேலும் மேலும் தட்டையாகிறது. ஐந்து வருடத்துக்கு முன் இறுக்கமாக இருந்த செட் இன்று ஆடுவதற்குச் செட் காரணமல்ல. அடியில் இருந்த மேடு போய்விட்டது. அதனால்தான் சில வருடங்களுக்கு ஒருமுறை உள்பக்கம் புதிதாகப் பூசி இறுக்கமாக்குவதும், ஐந்திலிருந்து எட்டு வருடத்துக்குள் செட்டையே மாற்றுவதும் தேவைப்படுகிறது. வாங்கும்போது இதை யாரும் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை.

மெல்லும் பலமும் வேறு. முழு செட் போட்டவரின் கடிக்கும் சக்தி, சொந்தப் பல் உள்ளவரின் சக்தியில் நான்கில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் இருக்கும். சாப்பாட்டுக்கு அது போதும். முறுக்குக்குப் போதாது.

முயல் காலில் சிக்கிய குழாய்

இம்ப்ளான்டின் கதை பல்லில் தொடங்கவில்லை. 1952-ல் சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற டாக்டர், எலும்புக்குள் ரத்த ஓட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்க முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தால் ஆன சிறு குழாய் ஒன்றைப் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்து அதைத் திரும்ப எடுக்கப் போனால் வரவில்லை. எலும்பு அந்த உலோகத்தை அந்நியமாக நினைக்காமல் தன்னோடு சேர்த்துப் பிணைத்துக்கொண்டிருந்தது. விலை உயர்ந்த கருவி வீணாயிற்றே என்று வருத்தப்பட்டிருக்க வேண்டிய மனிதர், அதைத் தன் வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டார். 1965-ல் யோதெபோரி நகரில், பிறவியிலேயே தாடைக் குறைபாடு கொண்ட யோஸ்தா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் நான்கு டைட்டானியத் திருகுகளைப் பதித்துப் பல் பொருத்தினார். லார்சன் 2006-ல் இறக்கும்வரை, நாற்பது வருடங்களுக்கு மேல், அந்தத் திருகுகள் வேலை செய்தன. பிரோனமார்க் 2014 டிசம்பரில் காலமானார்.

இன்று அக்ரஹாரத்துச் சீட்டில் எழுதித் தரப்படுவது அதே சமாசாரம்தான். ஈறைத் திறந்து, எலும்பில் துளையிட்டு, திருகைப் பதித்து, மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை எலும்பு அதைப் பிடித்துக்கொள்ளக் காத்திருந்து, பிறகு மேலே பல்லை வைப்பது. நல்ல கையால் நல்ல எலும்பில் வைக்கப்பட்டவற்றில் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் 90 சதவீதத்துக்கு மேல் நிலைத்திருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. கழற்ற வேண்டாம், பக்கத்துப் பல்லை ராவ வேண்டாம், எலும்பு கரைவதும் அந்த இடத்தில் மட்டுப்படும்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. வயது தடையில்லை; எண்பதிலும் வைத்துக்கொள்கிறார்கள். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை தடை. சிகரெட், பீடி தடை. புகைப்பவர்களிடம் திருகு கழன்றுபோகும் வாய்ப்பு அதிகம். எலும்புத் தேய்மானத்துக்கு பிஸ்பாஸ்போனேட் வகை மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்; தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் இதய டாக்டரைக் கேட்காமல் தாங்களாக நிறுத்தவும் கூடாது. எலும்பு போதாதவர்களுக்கு எலும்புத்தூள் வைத்து மேடாக்க வேண்டியிருக்கும். சீட்டில் முதல் வரியில் இருக்கும் தொகை இரண்டாவது சந்திப்பில் ஏறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

திருகு நிரந்தரம் என்பதும் அரை உண்மை. டைட்டானியத்துக்குச் சொத்தை வராது. ஆனால் அதைச் சுற்றியுள்ள ஈறில் அழுக்கு சேர்ந்தால் சீழ் பிடித்து எலும்பே இறங்கிவிடும். சொந்தப் பல்லை ஈறு நோய்க்குக் கொடுத்தவர், அதே பழக்கத்தோடு திருகையும் கொடுப்பார்.

இரண்டு திருகு, ஒரு செட்

சீட்டில் இருந்த இரண்டு வரிகளும் சொல்லாத விஷயத்துக்கு வருவோம். கனடாவின் மான்ட்ரியால் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2002-ல் கூடிய பல் மருத்துவ நிபுணர்கள் ஒரு கூட்டறிக்கை வெளியிட்டார்கள். கீழ்த்தாடையில் பல்லே இல்லாதவருக்கு முதலில் பரிந்துரைக்க வேண்டியது சாதாரண செட் அல்ல. இரண்டே இரண்டு இம்ப்ளான்டுகள் மீது பொருத்தப்படும் செட் என்பது அதன் சாரம். 2009-ல் இங்கிலாந்தின் யார்க் நகரில் இன்னொரு குழுவும் ஏறக்குறைய இதையே வழிமொழிந்தது.

வேலை எளிமையானது. கீழ்த்தாடையின் முன்பக்கம், கோரைப் பற்கள் இருந்த இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு திருகுகள். எவ்வளவு கரைந்த தாடையிலும் பெரும்பாலும் அந்த இடத்தில் எலும்பு மிச்சமிருக்கும். திருகின் தலையில் ஒரு குமிழ். செட்டின் அடியில் அதைக் கவ்வும் வளையம். ரவிக்கையில் டிச் பட்டன் போடுவதுபோல அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும். ராத்திரி இழுத்தால் வரும். வழக்கமான செட்தான், ஆனால் குதிக்காது. மேல்தாடைக்கு எதுவும் தேவையில்லை. அங்கே சாதாரண செட்டே ஒட்டிக்கொள்கிறது.

எனவே பத்துத் திருகு வாங்கப் பணமில்லை என்பதற்காகத் திருகே வேண்டாம் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. பணம் குறைவாக இருந்தால், செட் தோற்கும் இடத்தில் மட்டும் அதைச் செலவழிக்கலாம். அந்த இடம் கீழ்த்தாடை. மேலே சாதாரண செட், கீழே இரண்டு திருகு மேல் செட் என்ற ஏற்பாட்டுக்கு, நிரந்தரமாகப் பொருத்தும் பல் வரிசைக்கு ஆகும் செலவில் சிறு பகுதிதான் ஆகும். பராமரிப்பு உண்டு. கவ்வும் வளையம் தேய்ந்து தளர்ந்தால் மாற்ற வேண்டும், சின்னச் செலவு. குமிழ்களைத் தினமும் துலக்க வேண்டும். முதலில் சாதாரண செட் போட்டுப் பார்த்துவிட்டு, பணம் சேர்ந்த பிறகு அதே செட்டுக்கு அடியில் திருகு வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. இதைத் தெரிந்துகொண்டாலே பாதிப் பதற்றம் குறையும். ஒரே நாளில் முடிவெடுக்க வேண்டியதில்லை.

இதைவிடவும் மலிவான ஒரு வழி இருக்கிறது. ஆனால் அது கடைசிப் பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் மட்டுமே கிடைக்கும். எல்லாப் பல்லும் போன பிறகும் கீழ்த்தாடைக் கோரைப் பற்கள் இரண்டு பிடிவாதமாக நிற்பது வழக்கம். அவற்றின் வேர் நீளம். "இந்த இரண்டையும் எடுத்துவிட்டால் சுத்தமாக முழு செட் போட்டுவிடலாம்" என்று டாக்டரோ வீட்டாரோ சொல்லும் நேரம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய நேரம். அந்தப் பற்களுக்கு வேர் சிகிச்சை செய்து, ஈறு மட்டத்துக்கு வெட்டி, வேரை மட்டும் உள்ளே விட்டுவிட்டு அதன் மேல் செட் போடலாம். வேர் இருக்கும்வரை எலும்பு இருக்கும். கிரம், ரூனி என்ற இரு ஆய்வாளர்கள் இதை ஐந்து வருடம் அளந்து 1978-ல் எழுதினார்கள். கோரைப் பல் வேர்களை விட்டு வைத்தவர்களின் கீழ்த்தாடை முன்பகுதியில் எலும்பு 0.6 மில்லிமீட்டர் மட்டுமே குறைந்தது. எல்லாவற்றையும் பிடுங்கி செட் போட்டவர்களுக்கு 5.2 மில்லிமீட்டர். கடவுள் இலவசமாகக் கொடுத்த இம்ப்ளான்ட் இரண்டைப் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, பிறகு அதே இடத்தில் டைட்டானியத்தைக் காசு கொடுத்து வைப்பது விசித்திரமான சிக்கனம். ஈறு நோய் முற்றி வேர் ஆடினால் வேறு வழியில்லை. ஆடவில்லையென்றால், "இதை வைத்துக்கொண்டு செட் செய்ய முடியாதா?" என்ற ஒரு கேள்வி கேட்பதில் நஷ்டமில்லை.

ஒன்றிரண்டு பல் மட்டும் போனவர்களுக்கு இன்னொரு ஆறுதல். போன பல் ஒவ்வொன்றையும் நிரப்பியாக வேண்டும் என்று சட்டமில்லை. நெதர்லாந்தின் நெய்மேகன் நகரில் ஆர்ன்ட் கைசர் என்ற பல் மருத்துவப் பேராசிரியர் 1981-ல் முன்வைத்த கருத்து, பின்கடைவாய்ப் பற்கள் இல்லாவிட்டாலும் முன்னால் இருபது பற்கள் மேலும் கீழும் சரியாகப் பொருந்தினால் பெரும்பாலோருக்கு வாழ்க்கை நடக்கும் என்பது. எண்பது வயதில் இருபது சொந்தப் பல் என்பதைத்தான் ஜப்பானும் 1989 முதல் தேசிய இலக்காக வைத்துக்கொண்டிருக்கிறது. கடைசிக் கடைவாய்ப் பல் ஒன்று போனதற்காக வைப்பு நிதியை உடைக்க நினைப்பவர்கள், அந்தப் பணத்தை மிச்சமிருக்கும் பற்களின் ஈறு சிகிச்சைக்குச் செலவழித்தால் லாபம்.

பாக்கியம் கிடைக்கும் இடம்

இரண்டு திருகுக்கும் வழியில்லாதவர்களுக்கு? கர்நாடகத்தில் அதற்கென்றே ஒரு திட்டம் வந்தது. மைசூர் மாவட்டத்துக்காரரான சித்தராமையா முதல்வரானதும் அன்ன பாக்கியம், க்ஷீர பாக்கியம் என்று வரிசையாக பாக்கியங்களை அறிவித்தார். 2014-15-ல் அந்த வரிசையில் சேர்ந்தது 'தந்த பாக்கிய'. தமிழ்க் காதுக்கு யானைத் தந்தம் போலக் கேட்கும். சமஸ்கிருதத்தில் தந்தம் என்றால் பல். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்தைச் சேர்ந்த, அறுபது வயது தாண்டிய, பல் இழந்தவர்களுக்கு இலவசப் பல் செட். அரசுப் பல் மருத்துவக் கல்லூரி மட்டுமல்லாமல் தனியார் கல்லூரிகளும் இதில் சேர்க்கப்பட்டன. கேரளத்தில் இதே போன்ற திட்டத்துக்கு 'மந்தஹாசம்' என்று பெயர். புன்னகை என்று அர்த்தம். மலையாளிகள் பெயர் வைப்பதில் ஒரு படி மேல்தான். இத்தகைய திட்டங்களில் வயது, அட்டை விதிகள் அவ்வப்போது மாறுவதால் மாவட்ட மருத்துவமனையின் பல் பிரிவில் ஒரு நடை போய் விசாரிப்பது நல்லது. ரேஷன் அட்டை, ஆதார் நகல் கையில் இருக்கட்டும்.

அட்டை இல்லாத நடுத்தர வர்க்கத்துக்கு இந்த பாக்கியம் கிடையாது. அவர்களுக்குப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அந்த விஷயத்தில் மைசூர் கொடுத்துவைத்த ஊர். 1986-ல் தொடங்கப்பட்ட ஜே.எஸ்.எஸ். பல் மருத்துவக் கல்லூரி பன்னிமண்டபம் பக்கம். ஃபரூக்கியா கல்லூரி திலக் நகரில். இரண்டுமே அக்ரஹாரத்திலிருந்து ஆட்டோ தூரம். பெங்களூரில் 1958-ல் தொடங்கிய அரசுக் கல்லூரி, சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே 1953 முதல் இயங்கும் அரசுக் கல்லூரி, மும்பையில் நாயர் மருத்துவமனையின் பல் கல்லூரி, கல்கத்தாவில் 1920-ல் தொடங்கப்பட்ட டாக்டர் ஆர். அகமது கல்லூரி என்று தமிழர்கள் வாழும் பெருநகரம் ஒவ்வொன்றிலும் ஒரு வாசல் திறந்திருக்கிறது.

இப்படிப்பட்ட இடங்களில் மாணவர்கள் வேலை செய்வார்கள், பேராசிரியர் சரிபார்ப்பார். 'பையன் கற்றுக்கொள்ள என் வாய்தானா கிடைத்தது' என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் பல் செட் என்பது அவசரமில்லாமல் செய்ய வேண்டிய வேலை. முதல் அச்சு, திருத்தமான இரண்டாவது அச்சு, கடி அளவு, மெழுகில் பல் பதித்து ஒத்திகை, பிறகு செட்; குறைந்தது ஐந்து தடவை போக வேண்டும். போட்ட பிறகு புண் ஆகும் இடத்தை ராவ இன்னும் இரண்டு, மூன்று நடை. கூட்டம் மிகுந்த கிளினிக்கில் இரண்டு நடையில் முடித்துத் தரப்படும் செட்டைவிட, செயற்கைப் பல் பிரிவில் மேற்படிப்புப் படிக்கும் மாணவர் பேராசிரியரின் பார்வையில் ஐந்து நடையில் செய்யும் செட் வாயில் நன்றாக உட்கார்ந்தால் ஆச்சரியமில்லை. கட்டணம் குறைவு, பணத்துக்குப் பதிலாக நேரத்தைக் கொடுக்க வேண்டும். ஓய்வு பெற்றவரிடம் அதிகம் இருப்பது அதுதானே.

மெழுகு ஒத்திகையன்று மனைவியையோ மகளையோ கூட அழைத்துப்போவது உத்தமம். பல்லின் நிறம், அளவு, உதடு உப்புகிறதா என்பதெல்லாம் மெழுகில் இருக்கும்போதுதான் மாற்ற முடியும். அக்ரிலிக்காக மாறிய பிறகு வருத்தப்படத்தான் முடியும்.

விலகி நிற்க வேண்டிய இடமும் ஒன்று உண்டு. சந்தையிலும் பஸ் ஸ்டாண்டு ஓரத்திலும், சில நூறு ரூபாய்க்கு அரை மணியில் 'கழற்ற வேண்டாத பல்' கட்டித் தருபவர்கள். பக்கத்துப் பற்களோடு அக்ரிலிக் பசையையும் கம்பியையும் வைத்து ஒட்டிவிடுவார்கள். அடியில் சோறு அழுகும், ஈறு வீங்கும், பிடித்துக்கொடுத்த நல்ல பற்களும் சேர்ந்து ஆடும். பல் மருத்துவர்களைப் பதிவு செய்யும் சட்டம் 1948-லேயே வந்துவிட்டது. போர்டில் பதிவு எண் இருக்கிறதா என்று பார்ப்பது மரியாதைக் குறைவல்ல.

கேட்க வேண்டியவை

இம்ப்ளான்ட் என்று முடிவெடுத்தவர்கள் பேரம் பேசக் கூச்சப்படுகிறார்கள். கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுபவர்கள் முப்பதாயிரம் ரூபாய்த் திருகுக்கு மௌனமாகிவிடுகிறார்கள். இதய நாளத்தில் வைக்கும் ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியிலும், மூட்டு மாற்றுக் கருவிகளுக்கு அதே ஆண்டு ஆகஸ்டிலும் மத்திய அரசின் விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு கொண்டுவந்தது. பல் இம்ப்ளான்ட் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. உயிர் காக்கும் பொருள் அல்ல என்பது நியாயம்தான். மூட்டும் உயிர் காப்பதில்லை என்பது இன்னொரு நியாயம். ஸ்விஸ் கம்பெனித் திருகு, கொரியத் திருகு, உள்நாட்டுத் திருகு என்று விலை வித்தியாசம் பெரிது. மலிவான திருகு உடனே தோற்கும் என்றில்லை. ஆனால் பத்து வருடம் கழித்து அதன் மேல்பகுதி தளர்ந்தால் அதற்குப் பொருந்தும் உதிரி பாகம் கிடைக்க வேண்டும். கம்பெனி அப்போது இருக்குமா என்பதுதான் கேள்வி.

அதனால் திருகின் பெயர், அளவு, தொகுதி எண் கொண்ட ஸ்டிக்கரை வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். டாக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டாலும், நோயாளி மகன் வீட்டுக்கு அமெரிக்கா போய்விட்டாலும் அடுத்த டாக்டருக்கு அந்தத் துண்டுக் காகிதம்தான் சாவி. 'ஆயுள் உத்தரவாதம்' என்று சொன்னால் எதற்கு என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் அது திருகுக்கு மட்டும். மேலே வைக்கும் பல்லுக்கு அல்ல, மறுபடி செய்யும் அறுவைச் சிகிச்சைக்கும் அல்ல. எலும்பு மேடாக்குவது, ஸ்கேன், கேப், தற்காலிகப் பல், வருடாந்தரச் சுத்தம் எல்லாம் சேர்த்து ஒரே தொகையாக எழுதித் தரச் சொல்லலாம். 'இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி' என்று அவசரப்படுத்தும் இடத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். போன பல் நாளைக்கும் போனதாகத்தான் இருக்கும்.

சாதாரண செட்டோடு வீடு திரும்புகிறவர் முதல் சில நாட்கள் பொறுமை காக்க வேண்டும். எச்சில் ஊறும்; வாய் நிறைய எதையோ அடக்கிக்கொண்டதுபோல இருக்கும்; 'ச'வும் 'ஸ'வும் விசிலடிக்கும். தினமும் அரை மணி பேப்பரை உரக்கப் படித்தால் நாக்கு பழகிவிடும். சாப்பாட்டைச் சிறு துண்டுகளாக்கி இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மெல்ல வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மென்றால் மறுபக்கம் தூக்கும். சாப்பிட்டதும் கழற்றிக் கழுவ வேண்டும். டூத் பேஸ்ட் வேண்டாம். அது அக்ரிலிக்கைச் சுரண்டும். மெதுவான பிரஷ்ஷும் குளியல் சோப்பும் போதும். வெந்நீரில் போட்டால் வளைந்துவிடும். கழுவும்போது அடியில் ஒரு பக்கெட் தண்ணீர் வைத்துக்கொள்வது நல்லது. கை நழுவினால் சிமென்ட் தரையில் இரண்டாக உடையும். ராத்திரி கழற்றி டம்ளர் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். ஈறுக்கும் ஓய்வு வேண்டும். பேரக்குழந்தை அந்த டம்ளரை எடுக்காத உயரத்தில் வைக்க வேண்டும். முதல் வாரம் உப்புமா, இட்லி, குழைந்த பருப்பு. அடுத்த வாரம் வெந்த காய்கறி, சப்பாத்தி. ஒரு மாதத்தில் ஆப்பிள் துண்டு. தேவராஜா மார்க்கெட் பக்கத்தில் வாங்கிய கொடுபளெ மட்டும் இன்னும் சில வாரம் டப்பாவிலேயே இருக்கட்டும்; பிறகும் அதை முன்பல்லால் கடிக்காமல், கையால் உடைத்துக் கடைவாயில் போட்டுக்கொள்வதே செட்டுக்கு நல்லது.